பால் மறந்த பிள்ளை

"சின்னப் பிள்ளை மாதிரி விசுவாசிங்க." திருநெல்வேலிச் சபைகளில் வளர்ந்தவர்கள் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. பிரசங்கத்தில் வரும், வீட்டு ஜெபக்கூட்டத்தில் வரும், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்களின் வாயிலும் வரும். சொல்கிறவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கிறவர் காதில் அது பெரும்பாலும் வேறு மாதிரி விழுகிறது: கேள்வி கேட்காதே, சந்தேகப்படாதே, ரொம்ப யோசிக்காதே.

நான் பல வருடங்களாக ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்பு எடுக்கிறேன். வார நாட்களில் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இரண்டு இடத்திலும் பிள்ளைகளோடுதான் பொழுது போகிறது. கேள்வி கேட்காத சின்னப் பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. நோவாவின் பேழைக்குள் மீனையும் ஏற்றினார்களா, இல்லை அது பாட்டுக்கு வெளியே நீந்திக்கொண்டு வந்ததா? சாத்தானை ஆண்டவர் ஏன் முதல் நாளே அடித்துப் போடவில்லை? "எங்க ஆச்சிக்குப் பல்லே கிடையாது டீச்சர், அவங்க ஜெபம் பண்றது இயேசப்பாவுக்குப் புரியுமா?" இப்படிக் கேட்டவள் முதல் வகுப்புச் சிறுமி. பதில் தெரிந்தாக வேண்டும் என்று என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகள் அழுவார்கள், அடம்பிடிப்பார்கள், ஏன் ஏன் என்று உயிரை எடுப்பார்கள். இயேசு நடுவில் நிறுத்திக் காட்டியதும் இப்படி ஒரு பிள்ளையைத்தான். பிரசங்கங்களில் வருகிற வாய் பேசாத, எதையும் கேட்காத குழந்தை சுவிசேஷத்தில் எங்கும் இல்லை.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தால் பேச்சு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். பரலோக ராஜ்யத்தில் யார் பெரியவன் என்று சீஷர்கள் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் அவர் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அவர்கள் நடுவே நிறுத்துகிறார். அந்தக் காலத்தில் பிள்ளை என்றால் என்ன மதிப்பு என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் அந்தச் செயலின் கனம் புரியும். ரோம சாம்ராஜ்யத்தில், பிறந்த குழந்தையை வளர்ப்பதா விடுவதா என்று முடிவு செய்யும் உரிமை தகப்பனுக்கு இருந்தது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் கடிதம் ஒன்று உண்டு, கி.மு. 1-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அலெக்சாந்திரியாவில் வேலைக்கு வந்த ஹிலாரியோன் என்பவர் ஊரில் கர்ப்பமாயிருக்கும் மனைவிக்கு எழுதுகிறார். கூலி வந்ததும் அனுப்புகிறேன், கவலைப்படாதே என்று பிரியமாக எழுதிக்கொண்டே வந்து, ஆண் பிள்ளை என்றால் இருக்கட்டும், பெண் என்றால் எறிந்துவிடு என்கிறார். அந்த ஒரு வரியை எழுதும்போது கை நடுங்கியதாகத் தெரியவில்லை. அது அவ்வளவு சாதாரணமாக இருந்திருக்கிறது. நாமும் அதைப் படித்துத் திடுக்கிட்டுவிட்டுத் தள்ளி நிற்க முடியாது. நம் மாநிலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் என்று ஒன்று 1992-இல் தொடங்க வேண்டி வந்ததே, அதற்கான காரணம் நமக்குத் தெரியும்.

கணக்கில் வராத ஓர் உயிரைத்தான் இயேசு நடுவில் நிறுத்தினார். பிள்ளை களங்கமில்லாதது என்றோ இனிமையானது என்றோ அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதன் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். மாற்கு இதை இன்னும் அழகாகச் செய்திருக்கிறார். 10-ஆம் அதிகாரத்தில், பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்ட, இயேசு விசனமடைகிறார். சுவிசேஷங்களில் அவர் கோபப்பட்ட இடங்கள் அதிகம் கிடையாது, இது ஒன்று. பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, கைவைத்து ஆசீர்வதிக்கிறார். அடுத்த வசனத்திலேயே ஒருவன் ஓடிவந்து முழங்காற்படியிடுகிறான். சிறுவயது முதல் கற்பனைகளை எல்லாம் கைக்கொண்டவன், மிகுந்த ஆஸ்தியுள்ளவன். அவன் துக்கத்தோடு திரும்பிப் போகிறான். பிள்ளைகளால் உள்ளே வர முடிந்தது, இவனால் முடியவில்லை. அவன் கைகள் நிறைந்திருந்தன. இரண்டு சம்பவங்களையும் தனித்தனிப் பாடமாக நடத்துவது நம் வழக்கம். சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

சரி, ஒன்றுமில்லாத கையோடு வருவது ஒரு பக்கம். நம்புவது எப்படி? அதற்கு என்னை இழுத்து உட்காரவைத்தது 131-ஆம் சங்கீதம். மூன்றே வசனம். ஆரோகண சங்கீதங்களில் ஒன்று, எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்கள் பாடியது என்பார்கள். பெரிய காரியங்களிலும் எனக்கு மிஞ்சின கருமங்களிலும் நான் தலையிடுகிறதில்லை என்று தொடங்கி, இரண்டாம் வசனத்தில் இப்படி வரும்: "தாயின் பால் மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்."

பால் குடிக்கிற குழந்தை என்று எழுதியிருக்கலாம். எல்லாரும் உடனே நினைக்கிற படம் அதுதானே. மார்போடு ஒட்டிக்கொண்டு, வயிறு நிறைந்து, கண் சொருகிக் கிடக்கும் சிசு. சங்கீதக்காரர் அதை விட்டுவிட்டு, பால் மறந்த குழந்தையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இதை நான் எத்தனையோ முறை குடும்ப ஜெபத்தில் வாசித்திருக்கிறேன், கடந்துபோயிருக்கிறேன். என் இளையவனுக்குப் பால் மறக்கடித்த பிறகுதான் அந்த வசனம் என்னை நிறுத்தியது.

நம் வீடுகளில் பால் மறக்கடிப்பது எப்படி என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேப்பிலையை அரைத்துத் தடவிக்கொள்வார்கள். சிலர் கற்றாழை. என் அம்மாதான் அம்மியில் அரைத்துக் கொடுத்தார். அவன் ஓடிவந்தான், வாய் வைத்தான், முகம் கோணிப்போனது. என்னை நிமிர்ந்து பார்த்த அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. உலகத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே நல்ல விஷயம் கசந்துவிட்டது, அதையும் நானே செய்திருக்கிறேன். சில ராத்திரிகள் வீடே தூங்கவில்லை. அலறினான், என் முகத்தில் அடித்தான், தரையில் புரண்டான். கணவர் தூக்கினால் போகமாட்டான், பாட்டியிடமும் போகமாட்டான். பாலைக் கொடுக்க மறுத்தவளின் தோளில் சாய்ந்துதான், அவள் பாலைக் கொடுக்கவில்லை என்று அழுதான்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது வந்து மடியில் ஏறினான். சேலையை இழுக்கவில்லை, எதையும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான். பால் குடித்த நாட்களில் அவனுக்கு அம்மா வேறு, பால் வேறு இல்லை. முதன்முறையாக, பாலுக்காக இல்லாமல் எனக்காக வந்திருக்கிறான் என்று அன்றைக்குத் தோன்றியது.

சங்கீதம் சொல்லும் நம்பிக்கை இந்த இடத்தில் இருக்கிறது. கசப்பை அறியாத நம்பிக்கையைப் பற்றி அது பேசவில்லை. கேட்டது கிடைக்காத பிள்ளை, அழுது தீர்த்த பிள்ளை, ஏன் என்று கடைசிவரை புரியாத பிள்ளை, அதே மடிக்கு வருகிறதே, அதைப் பற்றிப் பேசுகிறது. அமரப்பண்ணினேன் என்றுதான் வசனமும் சொல்கிறது. தானாக அமைந்துவிட்டது என்று சொல்லவில்லை. அதற்குப் பின்னால் நிறைய ராத்திரிகள் இருந்திருக்கும்.

அப்பாவின் சிறுநீரகங்கள் செயலிழந்த வருடத்தில் இதை நாங்கள் வாழ்ந்து பார்த்தோம். டயாலிசிஸ், ஆட்டோ, திரும்பவும் டயாலிசிஸ். சபை முழுவதும் ஜெபித்தது, உபவாசம் இருந்தவர்கள்கூட உண்டு. அவர்கள் அன்புக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன். அப்பா பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்து வீட்டில் கூட்டம் குறைந்த நேரத்தில், ஊழியம் செய்கிற ஒருவர் அம்மாவிடம் சொன்னார்: "வீட்டுல யாருக்கோ விசுவாசக் குறைச்சல் இருந்திருக்கும்மா. சின்னப் பிள்ளை மாதிரி நம்பியிருந்தா ஆண்டவர் செய்திருப்பார்."

அம்மா சத்தம் போடவில்லை. "நான் கேட்டேன், அவர் தரல. அதுக்காக அவர்கிட்ட பேசாம இருக்க முடியுமாய்யா?" என்று மட்டும் கேட்டார். வந்தவர் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரியும் வழக்கமான நேரத்துக்கு அம்மா பாயை விரித்து, பாமாலைப் புத்தகத்தை எடுத்துவைத்தார். பாட முடியவில்லை, அழத்தான் முடிந்தது. அழுதுகொண்டே ஜெபம் பண்ணினார். ஆண்டவரே இது எனக்குப் பிடிக்கவில்லை என்று அந்த ஜெபத்திலேயே சொன்னார். குழந்தையைப்போல் நம்புவது என்றால் என்ன என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அன்றைக்கு அறுபதைத் தாண்டியிருந்தார்.

விசுவாசத்தை ஒரு அளவுகோலாக்கி, குறைந்தது யாருக்கு என்று துக்க வீட்டில் தேடுவது கொடுமை. இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. குழந்தை தன் நம்பிக்கை எத்தனை கிலோ என்று நிறுத்துப் பார்ப்பதில்லை. அதன் கவனம் முழுவதும் அம்மாவின் முகத்தில் இருக்கும். நாம் நம் விசுவாசத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது ஜெபத்தின் பெயரில் நடக்கும் சுயபரிசோதனை. அதில் தேவனைப் பார்க்க நேரமே இருக்காது.

சிலுவையில் இயேசு "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. யூதப் பிள்ளையாக வளர்ந்தவருக்கு அந்தச் சங்கீதம் முழுவதும் தெரிந்திருக்கும். அதே சங்கீதத்தின் 9-ஆம் வசனத்தில், "என் தாயின் முலைப்பாலை நான் உண்கையில் என்னை உம்முடையபேரில் நம்பிக்கையாயிருக்கப்பண்ணினீர்" என்று இருக்கிறது. ஏன் கைவிட்டீர் என்ற கேள்வியும் தாய்ப்பாலின் நினைவும் ஒரே ஜெபத்துக்குள். ஒன்று மற்றதை அழிக்கவில்லை. கெத்செமனேயில் "அப்பா பிதாவே" என்று கூப்பிட்டவர், அந்தப் பாத்திரத்தை நீக்கிவிடும் என்றும் கேட்டவர்தான். அதைவிடப் பிள்ளைத்தனமான ஜெபம் எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று நேராகக் கேட்கிறார், கேட்டுவிட்டு அங்கேயே இருக்கிறார்.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு இடம் இருக்கிறது. களக்காட்டுப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் டோனாவூர். மிஷனரியாக வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் பிள்ளைகளோடு வாழ்ந்த ஊர். 1867-இல் அயர்லாந்தின் வட பகுதியில், மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயதில் தன் பழுப்புக் கண்களை நீலமாக மாற்றித் தரும்படி ஜெபித்துவிட்டுப் படுத்தாராம். காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்து அழுத கதையை ஞாயிறு பள்ளியில் படித்த எல்லாரும் கேட்டிருப்போம். இல்லை என்பதும் ஒரு பதில் என்று அதிலிருந்து பாடம் சொல்வார்கள். நல்ல பாடம்தான். ஆனால் என் மனதில் நிற்பது வேறொரு பிள்ளை.

1901 மார்ச் மாதம், தேவதாசியாக ஒப்படைக்கப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்தாள். அது அவளுடைய முதல் ஓட்டம் கிடையாது. முன்பே ஒருமுறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த அம்மாவிடம் போயிருக்கிறாள். அம்மா பயந்து திருப்பி ஒப்படைத்துவிட்டார். ஓடினதற்குத் தண்டனையாக அவள் கைகளில் சூடு போட்டார்கள். அந்தக் கைகளோடுதான் இரண்டாம் முறை ஓடினாள். ஒரு கிறிஸ்தவப் பெண்மணி அவளைக் கண்டு ஏமியிடம் கொண்டுவந்தார். வந்ததும் நேரே போய் ஏமியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள் என்று சொல்வார்கள். பெற்ற தாயே திருப்பி அனுப்பிய பிறகு, கை வெந்த பிறகு, முன்பின் தெரியாத ஒரு மடியை நம்ப முடிந்தது அந்தப் பிள்ளையால். நம்பிக்கை என்பது வெகுளித்தனம் என்று யாராவது சொன்னால் நான் அவளைத்தான் நினைத்துக்கொள்வேன். அவள்தான் டோனாவூர்க் குடும்பத்தின் தொடக்கம். பின்னால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் நீண்ட காலம் போராடி, 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறைக்கு எதிரான சட்டம் வந்தது. அதற்கு நாற்பத்தைந்து வருடங்களுக்கும் மேல் முன்னால், ஒரு பிள்ளை தன் கால்களாலேயே அந்த முறையைவிட்டு வெளியே நடந்தாள்.

ஏமியின் பிற்கால வாழ்க்கையிலும் வேப்பிலை உண்டு. 1931-இல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப்போன இடத்தில், தோண்டி வைத்திருந்த குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. அதன்பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே வலியோடு இருந்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்காக ஓடியாடியவர். குணமாக வேண்டும் என்று சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் ஜெபித்திருப்பார்கள். குணமாகவில்லை. அந்த அறையிலிருந்தே எழுதினார், பிள்ளைகளோடு பேசினார். கல்லறையில் பெரிய கல் எதுவும் வைக்கக் கூடாது என்று அவர் விருப்பம். பறவைகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் பிள்ளைகள் அவரை அழைத்த பெயர் மட்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியாது. குழந்தை எல்லாரையும் நம்பாது. எட்டு மாதம் ஆகும்போது பெரும்பாலான குழந்தைகள் புது முகத்தைக் கண்டால் அழத் தொடங்கும், தெரிந்த தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். முகம் தெரிந்தால்தான் நம்பிக்கை. "குழந்தையைப்போல் நம்பு" என்று சொல்லி, கடன் வாங்கியாவது காணிக்கை போடு, கேட்டது கிடைக்கும் என்று மேடையில் கேட்கிறவர்களின் கையில் போய் விழுவதற்கும் இயேசு சொன்னதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி, கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று அவர் அதே மத்தேயு 18-இல்தான் சொல்லியிருக்கிறார். பவுலும் கொரிந்து சபைக்கு, துர்க்குணத்திலே குழந்தைகளாயிருங்கள், புத்தியிலே தேறினவர்களாயிருங்கள் என்று எழுதினார். ஆகவே நம்பிக்கையை வளர்க்க முதலில் செய்ய வேண்டியது, அந்த முகத்தை நன்றாகத் தெரிந்துகொள்வதுதான். புது வருட வாக்குத்தத்த அட்டையில் ஒரு வசனம் போதாது. ஒரு சுவிசேஷத்தை எடுத்து, கதையாக, முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும். இவர் யாரோடு சாப்பிட்டார், எதற்கு அழுதார், எந்த மாதிரி ஆட்களிடம் கோபப்பட்டார் என்று பார்க்க வேண்டும். முகம் பழகப் பழக, இவர் செய்யமாட்டார் என்று சில விஷயங்களை நம்மால் தைரியமாகச் சொல்ல முடியும். துக்க வீட்டில் வந்து குற்றம் தேடமாட்டார் என்று, உதாரணமாக.

வியப்பைப் பற்றி இன்னும் பேசவில்லை. என் தொழிலே அதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகப் பேசப்போகிறேன்.

யோபு தன் துன்பத்துக்கு விளக்கம் கேட்டார். அதிகாரம் அதிகாரமாகக் கேட்டார். 38-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் பெருங்காற்றிலிருந்து பதில் சொல்லத் தொடங்குகிறார். அதில் யோபுவின் பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. உறைந்த மழையின் பண்டசாலையைப் பார்த்திருக்கிறாயா? காக்கைக் குஞ்சுகள் கூப்பிடும்போது இரை கொடுக்கிறது யார்? வரையாடு ஈனும் காலம் தெரியுமா? மேலே மேலே இப்படியே கேள்விகள். சின்ன வயதில் இதை வாசித்தபோது, ஆண்டவர் மிரட்டுகிறார் என்று நினைத்தேன். இப்போது வாசிக்கும்போது, துக்கத்தில் குனிந்திருப்பவரின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது. அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, அங்க பாரு நிலா, இங்க பாரு காக்கா என்று காட்டுகிறோமே. ஏமாற்றுவதற்காக அப்படிச் செய்வதாக யாரும் நினைப்பதில்லை. உன்னைத் தவிரவும் உலகம் இருக்கிறது, அது என் கையில்தான் இருக்கிறது என்று கைகள் சொல்கின்றன.

அந்த வரையாட்டுக் கேள்விக்கு இன்று நம்மால் ஓரளவு பதில் சொல்ல முடியும். மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடுகள் குட்டி ஈனும் பருவத்துக்காக வருடந்தோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் மூடிவிடுகிறார்கள். பதில் தெரிந்துவிட்டதால் வியப்பு குறைந்துவிட்டதா? நான் ஒருமுறை அங்கே புல்மேட்டில் தாயும் குட்டியும் செங்குத்துப் பாறையில் சர்வசாதாரணமாக நிற்பதைப் பார்த்தேன். மாதம் தெரிந்திருந்தது எனக்கு எந்த விதத்திலும் இடைஞ்சலாக இல்லை.

விஞ்ஞானம் படித்தால் பிள்ளை மனது போய்விடும் என்று பயப்படுகிற பெற்றோரிடம் நான் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லைப் பற்றிச் சொல்வேன். மின்சாரமும் காந்தமும் ஒளியும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று சமன்பாடுகளில் எழுதியவர். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் வருகிறார். 1831-இல் எடின்பரோவில் பிறந்த இந்த மனிதர், சின்ன வயதில் எதைப் பார்த்தாலும், இது எப்படி ஓடுகிறது என்று கேட்பாராம். பூட்டு, மணிக்கம்பி, ஓடைத் தண்ணீர், எதுவானாலும் சரி. ஏதாவது பொதுவாகப் பதில் சொன்னால் விடமாட்டார், இது குறிப்பாக எப்படி ஓடுகிறது என்று மறுபடி கேட்பார். அம்மாதான் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார். 119-ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களையும் அந்தப் பையன் மனப்பாடமாகச் சொல்வான். அவனுக்கு எட்டு வயதாகும்போது அம்மா வயிற்றில் வந்த புற்றுநோயால் இறந்துபோனார். மாக்ஸ்வெல்லுக்கும் வேப்பிலை சீக்கிரமே வந்துவிட்டது. ஆனாலும் கேட்பதையும் நிறுத்தவில்லை, ஜெபிப்பதையும் நிறுத்தவில்லை. கேம்பிரிட்ஜில் 1874-இல் திறக்கப்பட்ட கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் முதல் பேராசிரியர் அவர்தான். அதன் பெரிய மரக்கதவில் 111-ஆம் சங்கீதத்தின் இரண்டாம் வசனத்தை லத்தீனில் செதுக்கியிருக்கிறார்கள்: கர்த்தரின் செய்கைகள் பெரியவை, அவற்றில் பிரியப்படுகிறவர்கள் எல்லாரும் அவற்றை ஆராய்வார்கள். எலெக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது அந்த ஆய்வுக்கூடத்தில்தான், 1897-இல். மாக்ஸ்வெல் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1879-இல், 48 வயதில், அம்மாவுக்கு வந்த அதே நோயில் போய்விட்டார்.

பிரியப்படுகிறவர்கள் ஆராய்வார்கள். என் வகுப்பில் சூரிய ஒளி நம்மை வந்துசேர எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது என்று சொல்லும்போது ஒன்றிரண்டு பிள்ளைகள் ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் திரும்பலுக்காகவே நான் வேலைக்குப் போகிறேன். எங்கள் ஊர் உபதேசியார் வீட்டு மொட்டை மாடியில், மின்சாரம் போன ஒரு நவம்பர் இரவில் மழை வெறித்திருந்தபோது, பிள்ளைகளுக்கு ஆண்ட்ரோமீடாவைக் காட்டினேன். வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு திட்டு, அவ்வளவுதான். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி ஏறக்குறைய 25 லட்சம் வருடங்கள் ஆகின்றன என்று சொன்னேன். எட்டாவது சங்கீதத்தைச் சொல்லச் சொன்னேன்: "உமது விரல்களின் கிரியையாகிய உம்முடைய வானங்களையும்..." ஒரு பையன் இடையில் நிறுத்தி, "விரலாலயா? கையை வச்சுக்கூட இல்லையா?" என்று கேட்டான். நான் அந்தச் சங்கீதத்தைப் பற்றிப் படித்த எந்த விளக்கவுரையும் எனக்குள் இவ்வளவு தூரம் போனதில்லை.

இந்தத் திறமை நமக்கு எப்போது போகிறது? எனக்குத் தெரிந்தவரை, எல்லாவற்றையும் நம் கணக்கில் சேர்க்கத் தொடங்கும்போது. மழை பெய்தால் துணி காயாது, நிலா வந்தால் அலாரம் வைக்க வேண்டும். ஆராதனையில்கூட, இந்தப் பிரசங்கம் எனக்கு என்ன தந்தது என்று பார்க்கிறோம். திரும்ப வளர்த்துக்கொள்வது அப்படியொன்றும் மர்மமில்லை. நான் காலையில் வாசல் தெளிக்கும்போது ஏதாவது ஒன்றை, உபயோகம் எதுவும் கருதாமல், கொஞ்ச நேரம் பார்ப்பேன். செம்பருத்தியின் நடுவிலிருந்து நீளும் தண்டும் அதன் நுனியில் மகரந்தமும், எறும்பு தன்னைவிடப் பெரிய அரிசிக் குருணையை இழுக்கிற விதமும். நல்லாயிருக்கு ஆண்டவரே என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன். சில நாள் ஜெபமே அவ்வளவுதான். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஜெபத்தில் தூக்கம் வருவதும் உண்டு. அதற்காகக் குற்ற உணர்வோடு இருக்கிற தோழிகளுக்கு நான் குழந்தை தெரேசாவைப் பற்றிச் சொல்வேன். எங்கள் சபைக்காரர் இல்லை, கத்தோலிக்கப் புனிதர், சிறுமலர் என்று நம் ஊர்ப் பள்ளிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே அவர்தான். பிரான்சில் லிசியே நகர மடத்தில் 24 வயதில், 1897-இல் காசநோயால் இறந்தவர். ஜெபத்தில் தூங்கிவிடுவார். பெற்றோருக்குப் பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பிரியம்தான் என்று அமைதியாக எடுத்துக்கொண்டார். அதே பெண், கடைசி ஒன்றரை வருடம் பரலோகம் உண்டா என்றே தெரியாத இருட்டில் கிடந்தார். அந்த இருட்டிலும் கடவுளோடு பேசிக்கொண்டேயிருந்தார். கடவுளிடம் குழந்தையைப்போல் போவதைத்தான் அவருடைய குழந்தை வழி என்பார்கள். அதை ரோஜாப்பூவும் புன்னகையுமாகவே காட்டும் படங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த ஒன்றரை வருடத்தை ஏன் மறைக்க வேண்டும்?

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை கேள்வி கேட்டால் உடனே பதிலால் மூடிவிடாதீர்கள். "எனக்கும் தெரியலப்பா, சேர்ந்து கேட்போமா?" என்று சொல்லிப் பாருங்கள். தெரியாது என்று சொல்லும் பெரியவர் முன்னால் பிள்ளைகளுக்குப் பயம் போய்விடுகிறது. பல் இல்லாத ஆச்சியைப் பற்றிக் கேட்ட சிறுமிக்கு, ஆச்சியிடமே போய்க் கேட்கச் சொன்னேன். அடுத்த வாரம் வந்து சொன்னாள்: "எனக்குப் பல்லு முளைக்காதப்பவே அவர் எனக்குப் பழக்கம்டி அப்படின்னு ஆச்சி சொன்னாங்க டீச்சர்."

வருகிற மே மாத வி.பி.எஸ்.-இல் (விடுமுறை வேதாகமப் பள்ளியில்) யோபு 38 முதல் 41 வரை பிள்ளைகளோடு வாசிக்கலாம் என்று எங்கள் சேகரத்துப் போதகர் ஐயரிடம் கேட்டிருக்கிறேன். அது சின்னப் பிள்ளைகளுக்கான பகுதியா என்று முதலில் தயங்கினார். மாடியில் நட்சத்திரம் பார்த்த கதையைச் சொன்னதும் சம்மதித்தார். கர்த்தர் யோபுவிடம் கேட்ட கேள்விகளை ஒரு பக்கமும், பிள்ளைகள் கர்த்தரிடம் கேட்க நினைக்கிறவற்றை மறுபக்கமுமாக ஒரு பெரிய நோட்டில் எழுதவைத்து, கடைசி நாள் கோயிலில் எல்லார் முன்னிலும் வாசிக்கப்போகிறோம். பதில் எழுத இடம் விடவில்லை. பெரியவர்களும் எழுதலாம், பெயர் போட வேண்டியதில்லை.